புதுப் பல்பு வாங்கும் முன் மீட்டரை எடுங்கள்: பழைய வண்டி ஹெட்லைட்டுக்கு அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

காங்கேயத்தில் தாராபுரம் சாலையோரம் வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். ஜீப், அம்பாசடர், ஆம்னி, டாடா 407, தேங்காய் ஏற்றும் பிக்கப் என்று வருவதெல்லாம் பெரும்பாலும் வயதான வண்டிகள். "அண்ணா, லைட் பத்தவில்லை, இதை மாட்டிவிடுங்கள்" என்று 100 வாட் பல்பையோ எல்இடி பெட்டியையோ கையோடு கொண்டுவருபவர்கள் பலர். பெட்டியைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, விளக்கைப் போட்டு, பல்பின் காலில் (ஒயர் சேரும் முனையில்) எத்தனை வோல்ட் வந்து சேர்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். பாதிக்கு மேற்பட்ட வண்டிகளில் அந்தப் பெட்டி பிரிக்கப்படாமலே கடைக்குத் திரும்பிப் போகிறது.

நம் பக்கத்துச் சாலைகளில் இரவு ஓட்டுவது எளிதல்ல. பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனம்) வாய்க்கால் கரையில் பல இடங்களில் தடுப்புச் சுவர் கிடையாது. கரும்பு ஏற்றிய டிராக்டர் பின்விளக்கு இல்லாமல் முன்னால் போகும். இருபுறமும் கிளுவை வேலி போட்ட இட்டேரி மண்பாதையிலிருந்து மாடோ, சைக்கிளோ திடீரென்று தார்ச்சாலைக்கு ஏறும். அதனால் நல்ல வெளிச்சம் வேண்டும் என்று கேட்பது நியாயம். எங்கே வெளிச்சம் தொலைகிறது என்று கண்டுபிடித்துவிட்டு அதற்கான வேலையைச் செய்வோம்.

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஒரு டெஸ்ட் லாம்ப், உப்புத்தாள், இரு முனையிலும் கிளிப் வைத்த தடித்த ஒயர் இரண்டு மீட்டர். இவை போதும். ஒயரை வெட்டும் எந்த வேலைக்கும் முன்பு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள்.

இரண்டு பக்கமும் மஞ்சளாக, சோர்ந்து எரிகிறது

இதுதான் அதிகம் வரும் புகார். இதைத்தான் அதிகம் பேர் தவறாகச் சரிசெய்கிறார்கள்.

ஹாலஜன் பல்பு மின்னழுத்தத்துக்கு மிகவும் கட்டுப்பட்டது. வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 10 சதவீதம் குறைவதில்லை. ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துவிடும். வெள்ளகோவில் பக்கத்திலிருந்து ஒரு பழைய ஜீப் வந்தது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.9 வோல்ட். பல்பின் காலில் 11.2. இடையில் 2.7 வோல்ட் காணாமல் போயிருந்தது. அந்த அளவு குறைந்தால் பல்பு தரவேண்டிய வெளிச்சத்தில் பாதிதான் கிடைக்கும். ஓட்டுபவர் பல்பைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். பல்பு தனக்குக் கிடைத்ததைக் கொண்டு எரிந்துகொண்டிருந்தது.

எங்கே தொலைகிறது என்பதைப் பிரித்துப் பாருங்கள். விளக்கு எரியும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும், மறுமுனையைப் பல்பு ஹோல்டரின் பின்புறம் டிம் ஒயரின் காலிலும் வையுங்கள். மீட்டர் காட்டுவது பாசிட்டிவ் பக்க இழப்பு. அடுத்து, பேட்டரி நெகட்டிவிலும் பல்பின் எர்த் காலிலும் வையுங்கள். அது எர்த் பக்க இழப்பு. பாசிட்டிவில் அரை வோல்ட்டுக்குள், எர்த்தில் 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அந்த ஜீப்பில் பாசிட்டிவ் பக்கம் 1.9, எர்த் பக்கம் 0.8. இரண்டையும் கூட்டினால் காணாமல்போன 2.7 சரியாக வந்துவிடும். மீட்டர் இப்படிக் கணக்கைக் கையில் கொடுத்துவிடும்போது ஊகத்துக்கு வேலையில்லை.

எர்த்தை முதலில் சரிசெய்யுங்கள், காசு செலவில்லாதது. எர்த் ஒயர் பாடியில் சேரும் போல்ட்டைக் கழற்றி, பெயின்டும் துருவும் போக உப்புத்தாளால் தேய்த்து, தகரம் பளிச்சென்று தெரிந்த பிறகு இறுக்கி, மேலே கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். பேட்டரியிலிருந்து சேசிஸுக்கும் இன்ஜினுக்கும் போகும் பட்டை எர்த்தையும் விட்டுவிடாதீர்கள்.

பாசிட்டிவ் பக்க இழப்புக்குக் காரணம் பழைய வண்டியின் வழித்தடம். மின்சாரம் பேட்டரியில் கிளம்பி, டேஷ்போர்டு சுவிட்சுக்குப் போய், டிம், பிரைட் மாற்றும் டிப்பர் சுவிட்சுக்குப் போய் (பழைய ஜீப்பில் அது காலால் மிதிப்பது), மீண்டும் முன்னால் வந்து பல்பைச் சேர்கிறது. 60/55 வாட் (பிரைட் 60, டிம் 55) பல்பு இரண்டும் சேர்ந்து 10 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் மீட்டருக்கு ஏறத்தாழ 0.018 ஓம் தடை. 10 ஆம்பியர் ஓடினால் ஒவ்வொரு மீட்டருக்கும் 0.18 வோல்ட் போகும். ஆறு மீட்டர் சுற்றி வந்தால் ஒரு வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே முடிந்துவிட்டது. கருகிய சுவிட்ச், பச்சை பூத்த இணைப்புகள் ஆகியவற்றின் இழப்பு தனி.

இதற்குத் தீர்வு ரிலே: சிறு மின்சாரத்தைக் கொண்டு பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பழைய ஒயர் ரிலேக்குள் இருக்கும் காயில் என்ற கம்பிச்சுருளை மட்டும் இயக்கட்டும். அதற்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம். பல்புக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராக, குறுக்குவழியில் வரட்டும். ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும். 30-க்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். 87-லிருந்து இரண்டு பல்புக்கும் அதே தடிமனில் ஒயர். 85, 86 இரண்டும் காயில். ஒன்றில் பழைய டிம் ஒயர், மற்றொன்றில் எர்த். ஒவ்வொரு ரிலேக்கும் தனியாக 15 ஆம்பியர் ஃபியூஸ், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். ஃபியூஸ் தள்ளி இருந்தால், பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட ஒயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் காப்பாற்ற ஒன்றும் இல்லை. ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். தண்ணீர் உள்ளே நிற்காது. எர்த்துக்கும் புதிதாகத் தடித்த ஒயர் போடுங்கள். பாசிட்டிவை மட்டும் தடிக்கப் போட்டுவிட்டு எர்த்தை மறந்தால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

வெள்ளகோவில் ஜீப்பில் வேலை முடிந்தபோது பல்பின் காலில் 13.4 வோல்ட். பல்பு பழைய அதே பல்பு. இருட்டிய பிறகு தோட்டத்துச் சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) போய்ச் சேர்ந்து போன் செய்தார். வாய்க்கால் மேட்டில் இருக்கும் மைல்கல்லை முதன்முறையாக டிம்மில் பார்த்ததாகச் சொன்னார்.

டிம் போட்டால் நீல விளக்கும் மங்கலாக எரிகிறது. ஒரு பக்கம் மட்டும் அழுதுவடிகிறது

இதைக் கேட்டவுடனே சொல்லிவிடலாம்: மங்கலாக எரியும் பக்கத்தில் எர்த் அறுந்திருக்கிறது. வழி கிடைக்காத மின்சாரம் அந்தப் பல்பின் டிம் இழையிலிருந்து பிரைட் இழைக்குப் புகுந்து, பிரைட் ஒயர் வழியாக அடுத்த பக்கப் பல்புக்குப் போய் அங்கே எர்த்தாகிறது. பிரைட் ஒயரில் அரைகுறையாக வோல்ட் ஏறுவதால் டேஷ்போர்டு நீல விளக்கும் மினுக்குகிறது. கிளிப் ஒயரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் மாட்டி, மறுமுனையால் அந்தப் பல்பின் எர்த் காலைத் தொடுங்கள். விளக்கு உடனே நிமிர்ந்தால் நோய் உறுதி.

இண்டிகேட்டர் போடும்போது ஹெட்லைட்டும் சேர்ந்து துடித்தால் அதுவும் எர்த்தேதான். முன்பக்க விளக்குகள் எல்லாம் ஒரே துருப்பிடித்த போல்ட்டை நம்பியிருக்கும்.

ரிலே போட்ட பிறகு புதுக் கோளாறு

"டிக்" என்று சத்தம் வருகிறது, விளக்கு வரவில்லை: 30-ஆம் காலில் டெஸ்ட் லாம்பை வையுங்கள். எரியாவிட்டால் ஃபியூஸ் அல்லது அதன் கூடு.

சுவிட்சை அணைத்தால் எரிகிறது, போட்டால் அணைகிறது: ஐந்து கால் ரிலேயில் 87-க்குப் பதிலாக 87ஏ காலில் ஒயரைச் சொருகிவிட்டீர்கள்.

ரிலே டகடகவென்று அடித்துக்கொள்கிறது: காயிலுக்குப் போகும் ஒயரிலோ அதன் எர்த்திலோ இணைப்பு ஆடுகிறது. பல இடங்களில் காரணம் பழைய டிப்பர் சுவிட்சின் கருகிய முனை.

பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் ஃபியூஸ் போகிறது: ரேடியேட்டர் பக்கத் தகரத்தில் ஒயர் நுழையும் ஓட்டையைப் பாருங்கள். ரப்பர் வளையம் இல்லாமல் ஒயர் உரசிக்கொண்டிருக்கும்.

ரிலே அசையவே இல்லை, ஆனால் பழைய இணைப்பில் மின்சாரம் இருக்கிறது: இங்கேதான் பழகிய கைகளும் தடுமாறும். ஜப்பானிய வடிவமைப்பில் வந்த சில பழைய கார்களில் பல்பின் மூன்று கால்களில் பொதுவான கால் பாசிட்டிவாக இருக்கும். டிப்பர் சுவிட்ச் எர்த்தை மாற்றிக்கொடுக்கும். பல்பைக் கழற்றிவிட்டு, விளக்கைப் போட்டு, மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்து ஒவ்வொரு காலாகப் பாருங்கள். டிம், பிரைட் எதைப் போட்டாலும் ஒரே காலில் 12 வோல்ட் நிலையாக நின்றால் உங்கள் வண்டி இந்த வகை. அப்போது காயிலின் ஒரு காலுக்கு அந்தப் பொதுப் பாசிட்டிவைக் கொடுத்து, மறு காலுக்கு டிம் அல்லது பிரைட் ஒயரைக் கொடுக்க வேண்டும். எர்த்தில் கட்டினால் டிப்பரை மாற்றினாலும் ரிலே கேட்காது.

ஹோல்டர் உருகுகிறது, பிளாஸ்டிக் கருகும் வாடை

100/90 பல்பு போட்ட வண்டி. 55 வாட் பல்பு 12 வோல்ட்டில் நாலரை ஆம்பியர் இழுக்கும் இடத்தில் 100 வாட் பல்பு எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. பழைய ஒயர் சூடாகி, ஹோல்டர் இளகி, பிடிப்பு தளர்ந்து, தளர்ந்ததால் இன்னும் சூடாகும். டூமுக்குள் (பல்பு உட்காரும் விளக்குக் கூட்டுக்குள்) ரிஃப்ளெக்டர் பிளாஸ்டிக்காக இருந்தால் அதன் பளபளக்கும் முலாம் பல்புக்கு நேர் மேலே பழுப்பாகும். ஒருமுறை பழுப்பானால் எந்தப் பல்பு போட்டாலும் வெளிச்சம் திரும்பாது.

60/55-க்குத் திரும்புங்கள். ஹோல்டரை பீங்கான் வகையாக மாற்றுங்கள். கருகிய ஒயரை இரண்டு அங்குலம் வெட்டி, செம்பு சிவப்பாகத் தெரியும் இடத்திலிருந்து இணையுங்கள். ரிலே போட்டு முழு வோல்ட் கொடுத்த 55 வாட், பட்டினி கிடக்கும் 90 வாட்டைவிட நன்றாக எரியும். இதை நான் பலருக்கு இரண்டு வண்டிகளைச் சுவரின் முன் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டியிருக்கிறேன்.

பல்பு அடிக்கடி போகிறது

இன்ஜினைக் கொஞ்சம் முறுக்கி, பேட்டரியில் வோல்ட் பாருங்கள். 13.8 முதல் 14.4 வரை சரி. 15-ஐத் தொட்டால் டைனமோவின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் கட்அவுட்டைக் கவனியுங்கள். வோல்ட் 5 சதவீதம் கூடினாலே பல்பின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும். வோல்ட் சரியாக இருந்தால், பல்பைக் கண்ணாடியில் விரல் படாமல் மாட்டுகிறார்களா என்று கேளுங்கள். விரலின் எண்ணெய் பட்ட இடம் அதிகம் சூடேறிக் கண்ணாடி கெடும். பட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு மாட்டலாம்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து லாரிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. உங்கள் வண்டி 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக இருக்கிறது. 12 வோல்ட் கூடுதல் விளக்கை மலிவாகக் கிடைத்ததென்று ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் இழுத்துக் கட்டாதீர்கள். ஒன்று எப்போதும் காலியாகவே இருக்கும், மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஏறும். சில மாதங்களில் இரண்டும் கெடும். 24 வோல்ட்டுக்கென்றே 75/70 வாட் எச்4 பல்பு (டிம், பிரைட் இரண்டு இழையும் ஒன்றாக இருக்கும் ஹாலஜன் வகை) கிடைக்கிறது.

வோல்ட் சரி, பல்பு புதிது, ஆனாலும் சாலை தெரியவில்லை

டூமின் கண்ணாடிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ரிஃப்ளெக்டர் கண்ணாடிபோல முகம் காட்ட வேண்டும். சாம்பல் பூத்திருந்தாலோ, முலாம் உரிந்திருந்தாலோ டூமை மாற்றுவதுதான் வழி. நார் மில்களைச் சுற்றி ஓடும் பொள்ளாச்சிப் பக்கத்து வண்டிகளில் தேங்காய்நார்த் தூள் பின்பக்க ரப்பர் மூடி கிழிந்த வழியாக உள்ளே போய் முலாமின் மேல் படிந்துகொள்ளும். துணியால் துடைக்க ஆசை வரும். துடைக்காதீர்கள், முலாம் கையோடு வந்துவிடும். காற்றடித்து எடுத்துவிட்டு ரப்பர் மூடியை மாற்றுங்கள்.

மிகப் பழைய வண்டிகளில் 45/40 வாட் பல்பு இருக்கும். அதன் அடிவளையம் பெரிது. எச்4 அதில் நேராக உட்காராது. இடையில் வளையம் வைத்து மாட்டிக்கொடுப்பார்கள். இழை தன் இடத்தைவிட்டு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் வெளிச்சம் சிதறிவிடும். ஏழு அங்குல வட்ட டூம் வண்டிகளுக்கு எச்4-க்கான முழு டூமும் எளிதாகக் கிடைக்கிறது, அதையே மாற்றுங்கள். வாங்கும்போது கண்ணாடியில் உள்ள குறிகளைப் பாருங்கள். வட்டத்துக்குள் 'இ' குறி போட்ட ஐரோப்பிய வகை டூமில், விளக்குக்கு எதிரே நின்று பார்க்கும்போது வலப்பக்கம் நோக்கிய அம்புக்குறி இருந்தால் அது நம்மைப்போல இடப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானது. அம்பே இல்லையென்றால் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானது. டிம்மிலேயே எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

பிறகு குறி. நெல் களமோ, கல்யாண மண்டப வாசலோ, சமதளமாக ஓர் இடமும் ஒரு சுவரும் வேண்டும். டயர்க் காற்றைச் சரிபார்த்து, வண்டியைச் சுவரிலிருந்து 10 மீட்டரில் நேராக நிறுத்துங்கள். டூமின் நடு உயரத்தை அளந்து சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அதற்கு 10 செ.மீ. கீழே இன்னொரு கோடு. ஒரு டூமைச் சாக்கால் மூடிவிட்டு டிம் போட்டால், வெளிச்சத்தின் மேல்விளிம்பு கீழ்க்கோட்டில் உட்கார வேண்டும். இடப்பக்கம் மட்டும் சற்று ஏறிப் போகும், அது நடந்துபோகிறவர்களைக் காட்டுவதற்காக. மேல் ஸ்க்ரூ ஏற்ற இறக்கத்துக்கு, பக்கவாட்டு ஸ்க்ரூ இட வலத்துக்கு. 80 செ.மீ. உயரத்தில் இருக்கும் விளக்கு இந்தக் கணக்கில் 80 மீட்டர் தூரத்தில் சாலையைத் தொடும்.

பாரம் ஏற்றும் வண்டியை வழக்கமான பாரத்தோடு நிறுத்தித்தான் குறி வைக்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சக்கரங்களுக்கிடையே மூன்று மீட்டர் நீளமுள்ள பிக்கப்பில் தேங்காய் ஏற்றியதும் பின்பக்கம் 5 செ.மீ. இறங்கினால், வெளிச்சம் 10 மீட்டருக்கு 16 செ.மீ.க்கு மேல் எழும்பும். நீங்கள் இறக்கி வைத்தது 10 செ.மீ.தான். மீதி எல்லாம் எதிரே வருபவரின் கண்ணுக்கு.

வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறுபவர்கள் பனிமூட்டத்தில் பிரைட் போடாதீர்கள்; முன்னால் வெள்ளைச் சுவர்தான் எழும்பும். டிம்மும், தாழ்வாக பம்பரில் மாட்டிய பனிவிளக்கும் போதும். டூமுக்குள் மழைத்தண்ணீர் துளிர்த்தால் பின்மூடியையும், அடியில் இருக்கும் சிறிய வடிகால் துளையையும் பாருங்கள்.

எல்இடி போட்டேன்; எதிரே வருபவர்கள் எல்லாம் விளக்கடித்துத் திட்டுகிறார்கள்

எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் டிம் இழைக்குக் கீழே ஒரு சிறு உலோகக் கிண்ணம் தெரியும். வெளிச்சம் கீழே போய் ரிஃப்ளெக்டரில் பட்டு மேலே எழும்பாமல் அதுதான் தடுக்கிறது. ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த இழையின் இடத்தை வைத்து வார்க்கப்பட்டது. எல்இடி பல்பில் சில்லுகள் அதே இடத்தில் இல்லையென்றால் வெளிச்சம் கண்டபடி தெறிக்கும். ஓட்டுபவருக்குப் பானட்டுக்கு முன்னால் வெள்ளையாகப் பரவியிருப்பது தெரியும், தூரம் இருண்டிருக்கும். அந்த வெண்மையில் ஏமாறுபவர்கள் அதிகம்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால் சில்லுகள் கடிகார முள்ளில் 3-ஐயும் 9-ஐயும் பார்க்கும்படி பல்பின் கழுத்தைத் திருப்புங்கள். சுவரில் மேல்விளிம்பு கூர்மையாக விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லையென்றால் கழற்றிவிடுங்கள். ஸ்க்ரூவை இறக்கி இதைச் சரிக்கட்ட முடியாது. சிதறும் வெளிச்சம் எல்லாப் பக்கமும் போகிறது. ரேடியோவில் இரைச்சல் வருவதும் மலிவான எல்இடி டிரைவரின் வேலையே. எல்இடிதான் வேண்டும் என்றால் அதற்கென்றே வடிவமைத்து அனுமதி பெற்ற முழு டூமை வாங்குங்கள்.

முன்பெல்லாம் டூம் கண்ணாடியில் கறுப்புப் பெயின்ட் பொட்டு வைப்பார்கள். கண் கூசக் கூடாது என்ற அக்கறை அதில் இருந்தது. இன்றும் மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இல் 106-ஆம் விதி அதற்கு அளவே கொடுத்திருக்கிறது: விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண் கூசக் கூடாது. டிம்மைப் போட்டு, வழக்கமான பாரத்தோடு வண்டியை நிறுத்திவிட்டு, அந்த இடத்தை அளந்து குச்சி நட்டு, குச்சியின் உயரத்துக்கு உங்கள் கண்ணைக் கொண்டுபோய் நேரே பாருங்கள். கூசினால் மேல் ஸ்க்ரூவை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டு மறுபடியும் வந்து நின்று பாருங்கள்.